பழைய பொட்டியில் கிடந்த கல்யாணங்கள்

பாப்பிரெட்டிப்பட்டி மாதவராஜ் ஸ்டுடியோவில் வெண்மதி வேலைக்குச் சேர்ந்தபோது அவளுக்குக் கல்யாணமாகியிருக்கவில்லை. இப்போது கணவன் குமாரும் மகளும் ஓசூரில் இருக்கிறார்கள். குமாருக்கு அங்கே கம்பெனி வேலை, மகளுக்குக் கல்லூரி. வெண்மதி மட்டும் சனிக்கிழமை பஸ் ஏறி, திங்கள் விடியலில் திரும்பி வருகிறாள்.

காரணம் கடையின் மூலையிலிருந்த பழைய கம்ப்யூட்டர். ஆல்பம் செய்ய அந்தக் காலத்தில் வாங்கிய மென்பொருள், படங்களைத் தனக்கு மட்டுமே புரிகிற ஒரு வடிவத்தில் சேமித்தது. அதை விற்ற கம்பெனி எப்போதோ காணாமல் போய்விட்டது. பின்பக்கம் சாவி போல ஒரு துண்டைச் செருகினால்தான் மென்பொருளே திறக்கும். கோப்புகளுக்குப் பெயர் கிடையாது, வெறும் எண்கள். எந்த எண் யார் வீட்டுக் கல்யாணம் என்பது வெண்மதியின் தலைக்குள் இருந்தது.

"நீ போயிட்டா அந்தப் பொட்டிய யாரும்மா தொறப்பா? சாவுக்கு மாட்ட போட்டோ கேட்டு வர்ற சனத்துக்கு நான் என்ன சொல்றது?" என்பார் மாதவராஜ். மிரட்டலில்லை, கெஞ்சல். அதனால்தான் அவளால் மறுக்க முடியவில்லை.

கடைசியில் அவளே ஒரு வழி சொன்னாள். "எல்லாத்தையும் சாதா படமா மாத்திக் குடுத்துட்டுக் கிளம்பறேங்கண்ணா."

ஒவ்வொன்றாகத் திறந்துதான் மாற்ற வேண்டியிருந்தது. சாப்பாட்டு நேரத்திலும் உட்கார்ந்தாள். பாதி கூட முடியவில்லை. ஒரு மத்தியானம் மின்சாரம் போய் வந்ததில் அந்தச் சாவித் துண்டு செத்துப்போனது. கோப்புகளை வேறு கம்ப்யூட்டருக்கு நகலெடுக்க முடிந்தது. திறக்கத்தான் முடியவில்லை.

"அதான் மிசினே போச்சே, கிளம்பி வா," என்றான் குமார் போனில். மாதவராஜும் தலையாட்டிவிட்டார். வெண்மதிக்கு மூச்சு லேசானது. அப்படி லேசானதே அவளுக்குக் கூச்சமாகவும் இருந்தது.

அந்த வாரம் சித்தேரி மலையிலிருந்து சின்னக்கண்ணு இறங்கி வந்தார். மனைவி இறந்துவிட்டாள். மகளின் காதுகுத்துக்கு இந்த ஸ்டுடியோக்காரர்கள்தான் படமெடுத்தார்களாம். "அவ வேற போட்டோவே புடிச்சுக்கிட்டதில்லீங்க."

திறக்காத பாதியில் இருந்தது அது. இல்லையென்று சொல்ல வாய் வரவில்லை. இணையத்தில் தேடித் தேடி, கோப்புக்குள் ஒளிந்திருக்கும் சின்ன முன்னோட்டப் படத்தை மட்டும் உருவும் ஒரு நிரலைக் கண்டுபிடித்தாள். வந்தது தபால்தலை அளவு. பெரிதாக்கினால் முகம் கட்டம் கட்டமாக உடைந்தது. அந்த அளவிலேயே அச்சடித்துக் கொடுத்தாள்.

சின்னக்கண்ணு அதைக் கண்ணருகே கொண்டுபோனார். "மூக்குத்தி தெரியுதுங்க. போதும்."

அடுத்த சந்தைக்கு மலையிலிருந்து மூன்று பேர் படம் கேட்டு வந்தார்கள். அதற்கடுத்த சந்தைக்கு இன்னும் சிலர்.

ஆனாலும் வெண்மதி கிளம்பினாள். நகலெடுத்த ஹார்ட் டிஸ்க்கைப் புடவைகளுக்கு நடுவே சுற்றி வைத்துக்கொண்டாள். கடையில் விட்டுவிட்டு வர மனம் ஒப்பவில்லை. ஓசூர் பஸ் கிருஷ்ணகிரி சாலையில் ஏறியதும் போன் அடித்தது. மாதவராஜ்.

"கம்பைநல்லூர்லருந்து ஒரு அம்மா வந்திருக்காங்கம்மா. பையன் ஆக்சிடென்ட்ல போயிட்டானாம். அழுதுக்கிட்டே நிக்கிறாங்க."

எடுக்காமல் இருந்திருக்கலாம் என்று நினைத்தாள். மடியிலிருந்த பை கனத்தது. ஜன்னல் பக்கம் முகத்தைத் திருப்பிக்கொண்டு கேட்டாள்:

"எந்த வருசம்ங்கண்ணா? எந்த மண்டபம்னு கேளுங்க."