விரலிடுக்கில் வந்த வெளிச்சம்

“அப்பாவுக்கு இனிமே அந்தக் கண்ணு தெரியுமா?” ஆபரேஷன் அறைக்குள்ளே சித்தப்பாவின் கண்ணைத் தைத்துக்கொண்டிருந்தபோது அவர் மகள் என்னிடம் கேட்டாள்.

சித்தப்பா லேத் பட்டறையில் வேலை செய்பவர். அளவு அரை நூல் பிசகினாலும் செய்த வேலையைத் தூக்கி எறிந்துவிடுவார்; அதனால் பட்டறையில் அவருக்கு ‘அரைநூல்’ என்றே பெயர். சுழன்ற இரும்பிலிருந்து தெறித்த சில்லு ஒன்று அவருடைய வலது கண்ணைக் கிழித்துவிட்டது.

கட்டுப் பிரித்த அன்று சித்தியும் நானும் கூட இருந்தோம். நல்ல கண்ணை உள்ளங்கையால் மூடிக்கொள்ளச் சொன்னார் டாக்டரம்மா. விரல்களைக் காட்டினார், தெரியவில்லை. கையை ஆட்டினார், அதுவும் தெரியவில்லை. அறை விளக்கை அணைத்து டார்ச் அடித்தார். வெளிச்சம் எந்தப் பக்கம் என்று கேட்கக் கேட்க, மேலே, கீழே, இடது, வலது என்று சித்தப்பா பிசகாமல் சொன்னார். எனக்குப் போன உயிர் திரும்பி வந்தது.

சித்தி மட்டும் அவரையே முறைத்தாள். “ஏங்க, அடுத்தவன் சீட்டை எட்டிப் பாக்குற மாதிரி விரல் சந்துல பாக்குறீங்களே. யாரை ஏமாத்துறீங்க?”

சித்தப்பா தலையைக் குனிந்துகொண்டார். ஒன்றும் தெரியவில்லை என்றால் கண்ணையே எடுத்துவிடுவார்கள் என்று பக்கத்துக் கட்டில்காரர் கிளப்பிவிட்டிருந்தாராம். டாக்டரம்மா கோபப்படவில்லை. இப்போது பார்வை எவ்வளவு மிச்சமிருக்கிறது என்பதை வைத்துத்தான் எவ்வளவு திரும்பும் என்று கணிக்க முடியும். அதில் பொய் கலந்தால் அடுத்த வைத்தியமும் தப்பாகப் போய்விடும் என்றார். நல்ல கண்ணில் பஞ்சு வைத்து பிளாஸ்திரி ஒட்டினார்.

“தெரியலன்னா தெரியலன்னு சொல்லுங்க. அதுவும் எனக்கு உதவிதான்.”

மறுபடியும் டார்ச். மேலே? இல்லை. வலது? இல்லை. கீழே? இல்லை. இடது? சித்தி என் மணிக்கட்டை இறுக்கிப் பிடித்தாள்.

“மூக்குப் பக்கமா லேசா வெளுக்குது,” என்றார் சித்தப்பா. “இந்தத் தடவை நெசம்.”

டாக்டரம்மா சத்தமில்லாமல் டார்ச்சை அணைத்துவிட்டு, “இப்ப?” என்றார்.

“போயிடுச்சு.”

ஒரு பக்கம் மட்டும் தெரிவதால் உள்ளே விழித்திரை கழன்றிருக்கலாம் என்று சந்தேகப்பட்டு ஸ்கேன் எடுத்தார்கள். கழன்றுதான் இருந்தது. உடனே இன்னொரு ஆபரேஷன் செய்தால் கொஞ்சம் மீட்கலாம், எழுத்துப் படிக்கும் அளவுக்கு ஆசைப்படாதீர்கள் என்று டாக்டரம்மா ஒளிக்காமல் சொன்னார்.

அவர் சொன்னபடியே ஆயிற்று. இன்று அந்தக் கண்ணுக்கு எதிரே ஆள் வந்தால் தெரியும். யார் என்று தெரியாது. இடது கண்ணை நம்பி சித்தப்பா லேத் ஓட்டுகிறார்.

கண்ணில் அடிபட்டு டார்ச்சுக்கு முன்னால் உட்காரப் போகிறவர் யாராவது உங்களுக்குத் தெரிந்தவராக இருந்தால், இந்தக் கதையை அவர் காதில் போட்டுவையுங்கள்.