கொக்குக்கும் கேமராவுக்கும் நடுவே

கல்யாண வீட்டில் போட்டோ எடுக்கிறவர்களுக்கு, "இன்னும் நாலு பேரு வாங்க, நெருங்கி நில்லுங்க" என்று கூப்பிட்டே தொண்டை வறண்டுபோகும். பறவையைப் போட்டோ எடுக்கிறவர்களுக்கு, "கொஞ்சம் தள்ளிப் போங்களேன்" என்று கெஞ்சியே வறண்டுபோகும். பத்து வருஷத்துக்கு மேல் இரண்டையும் செய்தவள் நான்.

சின்ன காஞ்சிபுரத்தில் ஒரு ஸ்டுடியோவில் எனக்கு வேலை. மஞ்சள் நீராட்டு, வளைகாப்பு என்று பெண்கள் கூடுகிற விசேஷம் என்றால் "அந்த ஸ்டெல்லாவை அனுப்புங்க" என்று கேட்டு வாங்கிப் போவார்கள். முதலாளி ரங்கராஜன் சார், வேதம் சொல்லிக்கொடுக்கிற குடும்பத்தில் பிறந்து, அதை அண்ணன்களிடம் விட்டுவிட்டு ஸ்டுடியோ வைத்தவர். மார்கழியில் முகூர்த்தம் கிடையாது. ஏரிகளில் வெளியூர்ப் பறவைகள் நிறைந்திருப்பதும் அதே மாதம்தான். இதைக் கர்த்தர் எனக்கென்றே செய்துவைத்த ஏற்பாடு என்று நினைத்துக்கொண்டு மொபெட்டில் கேமராப் பையோடு கிளம்பிவிடுவேன். நான் கேட்டது அதிகம் இல்லை. தண்ணீர் இருக்க வேண்டும், மனுஷர்கள் இருக்கக் கூடாது. நீங்களும் இப்படி அலைந்தவர் என்றால், அடுத்து என்ன நடந்திருக்கும் என்று உங்களுக்கே தெரியும்.

காலை ஆறு மணி

ஐயம்பேட்டை தாண்டி ஓர் ஏரி. விடிந்தும் விடியாத நேரத்தில் போய் ஒரு வேலிக்காத்தான் புதருக்குப் பின்னால் உட்கார்ந்தேன். எதிரே தண்ணீருக்கு மேல் கறுப்பும் வெள்ளையுமாக ஒரு மீன்கொத்தி, சிறகை அடித்தபடி அந்தரத்தில் ஒரே இடத்தில் நிற்கிறது. சுற்றுவட்டாரத்தில் ஒரு ஆள் இல்லை. இவ்வளவு அருமையான இடத்தை ஊர்க்காரர்கள் எப்படி விட்டுவைத்தார்கள் என்று ஆச்சரியமாக இருந்தது.

பத்து நிமிஷத்தில் தெரிந்துபோயிற்று. அவர்கள் விட்டுவைக்கவே இல்லை. அது பெண்கள் ஒதுங்குகிற பக்கம். கையில் பிளாஸ்டிக் மக்கோடு ஐந்தாறு பேர் பேசிக்கொண்டே வந்தார்கள். புதரிலிருந்து முழ நீளத்துக்கு லென்ஸ் நீட்டிக்கொண்டிருப்பதை முதலில் பார்த்த அம்மா போட்ட கூச்சலில் மீன்கொத்தி அடுத்த ஏரிக்கே போயிருக்கும். நான் இரண்டு கையையும் தூக்கிக்கொண்டு, "பொம்பளதாங்க, நான் பொம்பளதாங்க" என்று எழுந்து நின்றேன். பறவையைத்தான் எடுத்தேன் என்று மாதாமேல் சத்தியம் பண்ணினேன். அந்த அம்மா என்னை மேலும் கீழும் பார்த்துவிட்டுக் குரலை இறக்கினார்.

"பட்சிய எடுக்கறதா இருந்தா பத்து மணிக்கு மேல வாம்மா. அதுங்க எங்கியும் போவாது. எங்களுக்கு வேலைக்கு டைம் ஆவுது."

எந்த வீட்டு ஆள்?

அப்போது எல்லாம் ஃபிலிம் ரோல். ஒரு நிச்சயதார்த்தத்துக்குப் போகிற வழியில், வாய்க்கால் ஓரமாக ஒரு சாம்பல் நாரை, மாலை வெயில் முதுகில் விழ, சிலை மாதிரி நின்றுகொண்டிருந்தது. மொபெட்டை ஓரம் கட்டி ஒரே ஒரு படம் என்று ஆரம்பித்தேன். ஆறு படம் ஆகிவிட்டது.

அந்த ஆறின் பலன் மண்டபத்தில் தெரிந்தது. மாப்பிள்ளையின் பெரியப்பா தட்டை நீட்டுகிற நேரத்தில் ரோல் தீர்ந்துவிட்டது. புது ரோல் மாட்டி நிமிர்வதற்குள் தட்டு கை மாறிவிட்டது. மறுபடி நிற்கச் சொல்லிக் கேட்க வாய் வரவில்லை. மறுவாரம் பெரியப்பாவே ஸ்டுடியோவுக்கு வந்தார். லேபிலிருந்து வந்த கவரை அப்படியே எடுத்து அவர் கையில் கொடுத்துவிட்டார் ரங்கராஜன் சார். பெரியப்பா ஒவ்வொரு படமாகப் புரட்டினார். முடித்தார். முதலிலிருந்து திரும்பவும் புரட்டினார். நான் கல்லாப் பெட்டிக்குப் பின்னால் எதையோ தேடுவதுபோல் குனிந்துகொண்டேன்.

"நான் ஒருவாட்டி கூட இல்ல. இவரு ஆறுவாட்டி நின்னுக்கினு இருக்காரே, இவரு பொண்ணு சைடா, மாப்பிள்ளை சைடா?"

மூணு கால் ஸ்டாண்டு

திருப்புட்குழிப் பக்கம் வயல் நடுவே ஒரு பனைமரம். மரம் முழுக்கத் தூக்கணாங்குருவிக் கூடுகள். கேமராவை மூணு கால் ஸ்டாண்டில் மாட்டி, ஒரு கண்ணை மூடிக்கொண்டு நிற்கிறேன். பெங்களூர் ரோட்டை அகலப்படுத்தப் போகிறார்கள் என்று பேச்சு அடிபட்டுக்கொண்டிருந்த சமயம் அது. இது என் மூளைக்கு எட்டவில்லை. நிமிர்ந்து பார்த்தால் பத்துப் பதினைந்து பேர் வரப்பில் வரிசையாக நிற்கிறார்கள். "எத்தினி அடி உள்ள வருது மேடம்?" என்றார் ஒருவர்.

நான் ரோட்டு ஆபீஸ் ஆள் இல்லை, குருவி எடுக்க வந்திருக்கிறேன் என்றேன். யாரும் நம்பவில்லை. ஒருவர் ஓடிப்போய் இளநீர் வெட்டிக்கொண்டு வந்தார். இன்னொருவர், அந்த நிலத்தை நம்பித்தான் இரண்டு பெண்களுக்கும் வரன் பார்த்துக்கொண்டிருக்கிறேன் என்று கெஞ்சினார். ஒவ்வொருவராகக் கூப்பிட்டுக் கேமராவுக்குள் பார்க்கச் சொன்னேன். பார்த்தார்கள். கூடு தெரிந்தது, குருவியும் தெரிந்தது. கொஞ்சம் கொஞ்சமாகக் கூட்டம் கலைந்தது. அந்த இரண்டு பெண்களின் அப்பா மட்டும் போகாமல் நின்று, கிட்டே வந்து, யாருக்கும் கேட்காதபடி சொன்னார்.

"சரிம்மா, குருவின்னே வெச்சிக்குவோம். அந்தக் குருவிய அப்படியே எங்க பங்காளி நெலத்துப் பக்கமா திருப்பி எடேன்."

ஜுரம்

வைகாசியில் பெருமாள் கருடன்மேல் வீதி வரும் கருட சேவை அன்றைக்குச் சுற்றுப்பட்டு கிராமம் அத்தனையும் ஊருக்குள் வந்துவிடும். அப்படியானால் ஏரிகள் காலியாகத்தானே இருக்கும்? இதைக் கண்டுபிடித்த அன்று எனக்கு என்மேலேயே ஒரு மரியாதை வந்தது. சேவையைப் படம் எடுக்க வரச் சொல்லியிருந்த சாருக்குப் போன் போட்டு, "நல்ல ஜுரம் சார்" என்று முனகிவிட்டுக் கிளம்பினேன். கணக்குத் தப்பவில்லை. ஏரியில் ஆடு மேய்க்கக்கூட ஆள் இல்லை. பட்ட மரத்தில் ஒரு கருடன், வெள்ளை மார்பும் செங்கல் நிறச் சிறகுமாக, காலில் மீனைப் பிடித்துக்கொண்டு அரை மணி நேரம் உட்கார்ந்து கொடுத்தது. வாழ்க்கையில் அவ்வளவு நிம்மதியாக நான் படம் எடுத்ததில்லை.

லேபிலிருந்து வரும் கவரைப் பிரிப்பது சார் என்பதை மட்டும் மறந்துவிட்டேன். படத்தை எடுத்தார். கண்ணில் ஒற்றிக்கொண்டார். பிறகுதான் கவர்மேல் நான் எழுதிக் கொடுத்திருந்த, படம் எடுத்த தேதி அவர் கண்ணில் பட்டது.

"ஜுரம்னு பொய் சொன்னே, அது போகட்டும். பெருமாளை விட்டுட்டுக் கருடனை மட்டும் தனியா எடுத்துண்டு வந்திருக்கியே ஸ்டெல்லா, இது எந்த ஊர் சேவை?"

சூளைப் பள்ளம்

இதைச் சிரித்துக்கொண்டு சொல்ல முடியாது. ஊருக்கு வெளியே கைவிட்டுப்போன ஒரு செங்கல் சூளை. மண் தோண்டிய பள்ளத்தில் தண்ணீர், தண்ணீர் நடுவே சின்னத் திட்டு, திட்டில் பவளக்கால் உள்ளான் ஜோடி ஒன்று நாலு முட்டையை அடைகாத்துக்கொண்டிருந்தது. பென்சில் மாதிரி நீண்டு சிவந்த காலை மடித்து அது முட்டைமேல் உட்காருகிற அழகுக்காக, இரண்டு ஞாயிற்றுக்கிழமை பூசையைக்கூட விட்டேன். சூளைச் சுவருக்குப் பின்னாலேயே இருந்து எடுத்தேன், கிட்டே போகவில்லை. சார் அதைப் பெரிதாகப் போட்டு, ஷோகேஸில் கல்யாணப் பெண்களுக்கு நடுவே மாட்டினார். எந்த இடம் என்று கேட்காதவர்கள் இல்லை. நான் வாயைத் திறக்கவில்லை. சென்னையிலிருந்து புடவை எடுக்கக் குடும்பத்தோடு வந்த ஒருவர், தானும் பறவை எடுப்பதாகச் சொல்லி, என் படத்தில் வெளிச்சம் விழுந்திருப்பதைப் பற்றிக் கால் மணி நேரம் பேசினார். அதுவரை என்னிடம் யாரும் அப்படிப் பேசியதில்லை. ஒருத்தருக்குத்தானே என்று வழி சொல்லிவிட்டேன்.

அடுத்த ஞாயிறு போனால் மூன்று கார் நிற்கிறது. பத்துப் பன்னிரண்டு பேர், திட்டுக்கு எதிரே வரிசையாக. படத்துக்கு மறைக்கிறது என்று திட்டில் இருந்த புல்லை வெட்டியிருந்தார்கள். முட்டைகள் உச்சி வெயிலில் கிடக்க, ஜோடி தலைக்கு மேல் கத்திக் கத்திச் சுற்றியது. தயவுசெய்து போய்விடுங்கள் என்று கைகூப்பினேன். நல்லவர்கள்தான், உடனே கிளம்பிவிட்டார்கள். ஆனால் அவர்கள் காரை எடுப்பதற்குள் ஓர் அண்டங்காக்கை இறங்கிவிட்டது. முழங்கால் தண்ணீரில் கத்திக்கொண்டே ஓடினேன். நான் போய்ச் சேர்ந்தபோது முட்டை ஒன்றும் இல்லை. இருட்டும்வரை உட்கார்ந்திருந்தேன், அந்த ஜோடி வந்து இறங்கவே இல்லை. மறுநாள் ஷோகேஸிலிருந்து படத்தைக் கழற்றினேன். அந்தச் சென்னைக்காரர் மறுவாரம் ஸ்டுடியோவுக்கு வந்தார். தான் எடுத்ததில் நல்ல படம் ஒன்றை எனக்காகவே ஃபிரேம் போட்டு எடுத்து வந்திருந்தார்.

"ஸ்பாட் பிரமாதம் மேடம். இதே மாதிரி இன்னொண்ணு இருந்தா சொல்லுங்க, அடுத்த வாரமே வந்துடறோம்."

ரைஸ் மில்லுக்குப் பின்னால்

அதற்கப்புறம் நான் பொய் சொல்லப் பழகிக்கொண்டேன். எந்தப் படத்தைக் காட்டி எந்த இடம் என்று கேட்டாலும் ஒரே பதில்தான்: "மூடிப்போன ரைஸ் மில் இருக்குது இல்ல, அதுக்குப் பின்னாடி குட்டை." அந்தப் பக்கம் நான் போனதுகூடக் கிடையாது. நாற்றமடிக்கிற இடம் என்று கேள்வி, அதனால்தான் தேர்ந்தெடுத்தேன். தறி நெய்கிற குமரேசன், புதிதாகச் சின்ன டிஜிட்டல் கேமரா வாங்கியவர், அவரும் கேட்டார். அவருக்கும் அதையே சொன்னேன். சாரின் முகத்தை அப்போது பார்க்காமல் இருந்துவிட்டேன்.

ஒரு மாதம் கழித்து, பிரிண்ட் போட வேண்டும் என்று குமரேசன் வந்தார். கம்ப்யூட்டரில் திறந்தேன். நீலத் தாழைக்கோழி ஒன்று, கூடவே கரிக்கட்டி மாதிரி மூன்று குஞ்சுகள், ஆகாயத்தாமரை இலைமேல் வரிசையாக நடக்கின்றன. எத்தனை வருஷமாக நான் தேடுகிற படம்! தண்ணீரை ஒட்டிய வேலிக்கு வெளியிலிருந்தே எடுத்ததாகவும், ஒரு ஆள்கூட அந்தப் பக்கம் வருவதில்லை என்றும் சொன்னார். பொறாமையை விழுங்கிக்கொண்டு, மில்லுக்கு எந்தப் பக்கமாகத் திரும்பணும், வண்டியை எங்கே நிறுத்தணும் என்று கேட்டேன். குமரேசன் என்னை ஒரு மாதிரியாகப் பார்த்தார். சார் இருமுகிறாற்போல் எழுந்து டார்க் ரூமுக்குள் போய்விட்டார்.

"இன்னா மேடம், எடத்தைக் காட்டினதே நீங்க, என்னாண்ட வழி கேக்கறீங்க?"

ஆளே இல்லாத இடம் என்று ஒன்று இந்தச் சுற்றுவட்டாரத்தில் இருக்கத்தான் செய்கிறது, நான் போய்ச் சேருகிற வரைக்கும்.