கடைசியாகப் பிளேன் ஏறிய நாடு

எனக்குச் சந்தேகக் குணம். மலிவாகக் கிடைத்தால் மலிவுக்குக் காரணம் தேடுவேன். சிரித்துக்கொண்டு கொடுத்தால் சிரிப்புக்கும் தேடுவேன். தொண்ணூறுகளின் கடைசியில் ரொறன்ரோ டவுன்டவுனில் ஒரு நகைக்கடையின் பின்னறையில் கற்களைத் துடைத்து, நிறுத்து, காகிதத்தில் மடிக்கும் வேலை பார்த்தேன். வீடிருந்த மில்லிக்கனிலிருந்து பஸ்ஸும் சப்வேயும் மாறிப் போகவேண்டும். போகிற வழியெல்லாம் முதலாளியைப் பற்றித்தான் யோசிப்பேன்.

ஏனென்றால் அந்த வருடம் எங்கள் கடைக்கு வைரம் திடீரென்று மலிவாக வரத் தொடங்கியது. மற்றக் கடைகளில் அதே தரக் கல் பழைய விலையில்தான் இருந்தது. எங்கள் முதலாளிக்கு மட்டும் யார் இப்படி அள்ளிக் கொடுக்கிறார்கள்? கேட்டேன். கடதாசி எல்லாம் சரியாக இருக்கிறது என்றார். நான் கடதாசியைப் பற்றிக் கேட்கவில்லை.

அப்போதுதான் தம்பிக்குக் கல்யாணம் சரிவந்தது. அகதியாக வந்து, வழக்கில் வென்று, பிறம்ரனில் ஒரு வேர்ஹவுசில் பெட்டி தூக்கிக்கொண்டிருந்தான். பெண் அஜக்ஸில் இருந்தாள். வைர மோதிரம் போட்டுத்தான் நிச்சயம் செய்யவேண்டும் என்று பெண்ணின் தாய் ஒற்றைக்காலில் நின்றார். தம்பியின் சம்பளத்துக்கு அது கட்டுப்படியாகாது. விஷயம் முதலாளியின் காதுக்குப் போனது. ஒரு கல்லை எடுத்து, பாதி விலைக்கும் குறைவாகத் தருகிறேன் என்றார். நத்தார்ப் பண்டிகைக்கு ஒரு சொக்கிலேற்கூடத் தந்தறியாத மனிதர்.

எந்த நாட்டுக் கல் என்று கேட்டேன். மேற்கு ஆப்பிரிக்காவில் ஒரு நாட்டைச் சொன்னார். பெயர் இங்கே வேண்டாம்.

சனிக்கிழமை தம்பி கடைக்கு வந்தான். கல்லைக் கண்டதும் அவன் முகம் மலர்ந்தது. வாயைப் பொத்திக்கொண்டு இருந்துவிடலாமா என்றுகூட நினைத்தேன். முடியவில்லை. முதலாளிக்குத் தமிழ் தெரியாது; ஆனாலும் குரலைத் தாழ்த்தித்தான் அந்த நாட்டின் பெயரைச் சொன்னேன்.

அவன் கல்லை மேசையில் வைத்தான்.

"அக்கா, நானும் அங்கையிருந்துதான் கனடாவுக்குப் பிளேன் ஏறினனான். அப்ப நான் அந்த நாட்டு ஆளோ?"

காசு வாங்கிக்கொண்டு கள்ளமாக ஆள் அனுப்பும் ஏஜென்ட் அவனை மாதக்கணக்கில் அங்கே ஒரு லொட்ஜில் அடைத்து வைத்திருந்தது எனக்குத் தெரியும். மிச்சத்தை அன்றுதான் சொன்னான். அந்த நாட்டில் சொல்லும்படியாக வைரமே இல்லையாம். எல்லைக்கு அப்பால் சண்டை நடந்தது. சுரங்கத்தைப் பிடித்து வைத்திருந்தவர்கள் ஊர்ச்சனத்தை மிரட்டிக் கிண்டுவித்தார்கள். கல் எல்லை தாண்டி வரும். அதற்கு விலையாகத் துவக்கும் தோட்டாவும் எல்லை தாண்டிப் போகும். இந்தப் பக்கம் ஒரு முத்திரை குத்தினால் கல்லுக்குப் புதுச் சொந்த ஊர். தம்பியை ஏற்றிய ஏஜென்டே கல்லையும் ஏற்றுவானாம். கிண்டியவனுக்குக் கூலி இல்லை என்பதால், வழியில் எல்லாருக்கும் கொடுத்த பிறகும் அது மலிவாகவே வந்து சேரும். அந்தப் பக்கத்திலிருந்து ஓடிவந்த சனம் லொட்ஜ் வாசலில் படுத்துக் கிடந்ததாம்.

"கன பேருக்குக் கையில்லை, அக்கா. வெட்டிப்போட்டாங்கள்," என்றான்.

எனக்கு முதலாளி மேல் பற்றிக்கொண்டு வந்தது. கல்லைத் திருப்பிக் கொடுத்தேன். அவர் ஒன்றும் நடக்காததுபோல அதைத் தட்டில் வைத்தார். அன்று பின்னேரமே ஒரு சோடி வந்து, வெட்டு, நிறம், தெளிவு எல்லாம் விசாரித்து, முழு விலைக்கு வாங்கிப் போனது. எங்கிருந்து வந்தது என்று மட்டும் கேட்கவில்லை. என் தம்பியை அகதி வழக்கில் ஒரு காலை முழுவதும் அதைத்தான் கேட்டார்கள்.

நிச்சயத்தன்று தம்பி வெறும் பொன் மோதிரத்தை எடுத்தான். பெண்ணின் தாய்க்கு முகம் சுருங்கியது. கல் எங்கே என்று பெண்ணே கேட்டாள். அத்தனை பேருக்கு முன்னால், லொட்ஜ் வாசலில் கண்டதை அவன் சொன்னான். காசில்லாதவன் கதை விடுகிறான் என்று நினைக்கப்போகிறார்களே என்று பயந்தேன். அவள் தன் கையைத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். பிறகு அதை அவனிடம் நீட்டினாள்.