ராக்கெட்டுக்கு ஒரு செப்புக் குழாய்

சுனாமி எங்கள் வளவுக்குள் யாருடையதோ ஒரு பிரிஜ்ஜைக் கொண்டுவந்து போட்டிருந்தது. தேடி ஒருவரும் வரவில்லை. துருவேறிக் கிடந்த அதன் முதுகிலிருந்து வெட்டியெடுத்த செப்புக் குழாயில்தான், யுத்தம் முடியப்போகிற நாட்களில், பல்கலைக்கழகக் கடைசி வருடத்துக்கான என் செயல்திட்டத்தைச் செய்தேன்.

விண்கலத்துக் கெமராவின் கண்ணை உறைகுளிரில் வைத்திருக்க வேண்டும். அதற்கு மூடிய குழாயொன்றில் கொஞ்சம் திரவ நைதரசன் போதும். சூடான முனையில் ஆவியாகி ஓடும். குளிர்ந்த முனையில் மறுபடி திரவமாகி, உள்ளே பதித்த கம்பிவலை வழியே ஊறித் திரும்பும். மோட்டார் இல்லாமலே வெப்பத்தைச் சுமந்துகொண்டிருக்கும். என்னுடையது அதன் ஏழைத் தம்பி, உள்ளே வெறும் தண்ணீர். காற்றை உறிஞ்சியெடுத்து இரு முனையையும் அடைத்திருந்தேன். ஓர் ஊசித்துளை விழுந்தாலும் குழாயும் போச்சு, பட்டமும் போச்சு.

அதைப் பல்கலைக்கழகத்தில் ஒப்படைக்க, கல்முனையிலிருந்து மச்சானின் மீன் லொறியில் கொழும்புக்குப் புறப்பட்டோம். சோதனைச் சாவடியில் சிப்பாய் ஒருவன் என் பையிலிருந்து குழாயை உருவினான்.

"மொக்கத்த மே? என்ன இது?"

தண்ணிப் பைப் என்று சொல்லியிருக்கலாம். பயந்தால் என் வாய் உண்மையை மட்டும்தான் பேசும்.

"ராக்கெட்டுக்கு, சேர்."

மச்சான் ஸ்டியரிங்கில் நெற்றியை முட்டினான். "அல்லாஹ்வே! வாயப் பொத்துடா. உன்னோட சேத்து என்ட பாரை மீனயும் உள்ளுக்குப் போடப்போறானுகள்."

அறுத்துப் பார்க்க இரும்பறுக்கும் வாள் கொண்டுவரச் சொன்னான் சிப்பாய்.   

"வேணாம் சேர்! தேத்தண்ணி! தேத்தண்ணி!" என்று கத்தினேன். விசர் பிடித்துவிட்டதென்று நினைத்திருப்பான். மேசையில் அவனுடைய பிளேன்டீ ஆவி பறக்க இருந்தது. குழாயின் ஒரு முனையை அதில் விட்டு, மறுமுனையை அவனைப் பிடிக்கச் சொன்னேன்.

"அம்மோ!" நொடியில் அந்த முனை சுட, கையை உதறினான். பிறகு சிரித்தபடி பக்கத்திலிருந்தவனைக் கூப்பிட்டுப் பிடிக்கக் கொடுத்தான். அவனும் அம்மோ. கொஞ்ச நேரத்தில் சாவடியே வரிசையில் நின்று விரலைச் சுட்டுக்கொண்டது. வாள் கேட்பாரற்றுக் கிடந்தது.

"உன்ட வித்தைய நிப்பாட்டிட்டு ஏறு. ஐஸ் ஒழுகுது," என்றான் மச்சான்.

அவன் இப்போது கட்டாரில். சாவடி நின்ற இடத்தில் தம்பிலி இளநீர் விற்கிறார்கள். மச்சான் வீடியோவில் வந்தால் முதல் கேள்வி, "விஞ்ஞானி, ராக்கெட் எப்பிடி?"

குழாயைத் தேத்தண்ணீரில் விட்டு மறுமுனையைப் பிடித்துப் பார்க்கிறேன்.

"ஓம் மச்சான், இன்னும் சுடுது."

பிரிஜ்ஜுக்காரர் என்றைக்காவது கேட்டு வந்தால், கொடுக்க என்னிடம் மிச்சமிருப்பது இதுதான்.