உப்புப் பார்க்காத சாப்பாடு

நான் வேலை செய்த தொழிற்சாலையை மூடியபோது எனக்கு வயது ஐம்பத்தாறு. குனோங் ராபாட்டில் இருக்கும் என் வீட்டிலேயே சமைத்து விற்கலாம் என்று இறங்கினேன். வியாபாரம் ஓடாவிட்டால் வீட்டைக் காலி செய்துவிட்டு, பாரிட் புந்தாரில் மகளோடு போய் ஒட்டிக்கொள்ள வேண்டும். மருமகன் நல்லவர்தான். ஆனாலும் எனக்கு அதில் விருப்பமில்லை.

1. முதல் நாள்

முதல் நாளே பெயர் கெட்டது. "என்னக்கா, கறில உப்பே இல்லலா," என்று அடுத்த தாமான் குடியிருப்புக்காரி வாட்ஸ்அப்பில் குரல் அனுப்பினாள். நாலு பேருக்குச் சமைத்த கைக்கு இருபது பேர் கணக்கு பிடிபடவில்லை. அன்றிலிருந்து ஒவ்வொரு சட்டியிலும் உள்ளங்கையில் ஒரு சொட்டு விட்டு, உப்புப் பார்த்த பிறகே பொட்டலம் கட்டினேன். புதிதாகத் தொழிலுக்கு வருகிறவர்களுக்கு இது முதல் பாடம். அடுத்த பாடம் இதற்கு நேர்மாறு.

2. லயத்து ஆர்டர்

சேகர் என்பவர் போன் செய்தார். ரப்பரை அழித்துச் செம்பனை நட்ட பழைய தோட்டம் ஒன்றில், தொழிலாளர் வரிசை வீடுகளில் இடிக்காமல் விட்ட கடைசி லயத்தில் இருந்தார். அங்கிருந்து வெளியேறியவர்களில் பாதிப் பேர் எங்கள் தாமானில்தான். அவர் ஒரு வார்த்தை சொன்னால் எனக்கு முப்பது வீட்டு வாடிக்கை கிடைக்கும்.

"சனிக்கெழம மத்தியானம் ரெண்டு பேருக்குக்கா. கருவாட்டுக் கொழம்பு, முருங்கக் கீர. ஒன்னே ஒன்னு, உப்பு மட்டும் பாக்காதீங்க."

"ரெண்டாவது யாருக்கு தம்பி?"

"அம்மாவுக்கு."

எச்சில் பார்க்கிற அம்மா போலிருக்கிறது என்று நினைத்துக்கொண்டேன். நான்கு சனிக்கிழமை காரில் கொண்டுபோய்க் கொடுத்தேன். அந்த அம்மா ஒருமுறைகூட வெளியே வரவில்லை. உள்ளறைக் கதவு எப்போதும் சாத்தியே இருந்தது.

ஐந்தாவது வாரம், பழக்க தோஷம், கை தானாகப் போய் உப்புப் பார்த்துவிட்டது. ஆர்டர் போய்விடுமே என்று வாயை மூடிக்கொண்டு கொடுத்துவிட்டு வந்தேன். மூன்று மணிக்கு போன் வந்தது.

"உப்பு பாத்தீங்களாக்கா?"

"இல்லியே தம்பி."

"அம்மா தொடல," என்று வைத்துவிட்டார்.

மறுநாள் காலை மனசு கேட்காமல் போனேன். சேகர் உள்ளறையைத் திறந்தார். சுவரில் மாலை போட்ட ஒரு அம்மாவின் படம். கீழே இலையில் நேற்றைய சோறு. லயத்து வீட்டில், ஒரு ராத்திரி முழுக்கத் திறந்து கிடந்த சோற்றில் ஓர் எறும்புகூட ஏறவில்லை. குழம்பு இப்போதுதான் அடுப்பிலிருந்து இறக்கியது போல மணத்தது.

"பொய் சொல்லிட்டேன் தம்பி. உப்பு பாத்தேன்."

"தெரியும்க்கா. அம்மா சொன்னாங்க. நேத்துலேருந்து பசியோட இருக்காங்க, இங்கியே ஆக்கிக் குடுத்துட்டுப் போங்களேன்."

அவர் அடுப்பிலேயே சமைத்தேன். உப்புப் போட்டேன், பார்க்கவில்லை. புது இலையில் பரிமாறி, கதவைச் சாத்திவிட்டு, இருவரும் வாசற்படியில் உட்கார்ந்தோம். அரை மணி நேரம் அவர் என் பக்கத்தை விட்டு நகரவில்லை. வீட்டில் வேறு ஆளும் கிடையாது. பிறகு கதவைத் திறந்தோம். இலை மடித்திருந்தது. வயிறு நிறைந்தவர்கள் தங்கள் பக்கமாக மடிப்பது போல, படத்தின் பக்கமாக.

என்ன நடந்தது என்று என்னைக் கேட்காதீர்கள். அந்த ஆர்டர் இன்றும் போகிறது, முப்பது வீடும் கிடைத்தது. சமைக்குமுன் சாப்பாடு யாருக்கு, எதற்கு என்று கேளுங்கள். தவறு நடந்தால் அப்போதே சொல்லிவிடுங்கள். அன்று பயந்தது உண்மைதான். ஆனால் என் ஒரு பொய்யால் ஒரு தாய் ஒரு பகலும் ஒரு இரவும் பட்டினி கிடந்தாள் என்ற வெட்கம்தான் இன்னும் போகவில்லை.