எஸ்டேட் ஜீப்பில் போன ஆராய்ச்சி

மேனேஜ்மென்ட்டில் பிஎச்.டி. சேர்ந்தபோது சொந்தக்காரர்கள் கேட்டது ஒன்றுதான்: "அப்ப எந்த எஸ்டேட்டுக்கு மேனேஜரா வரப்போற கண்ணு?" குடும்பத்தில் முதலில் பள்ளிக்கூடம் போனவள் நான். வேலை செய்கிற இடத்தில் மனிதர்கள் எப்போது பேசுகிறார்கள், எப்போது வாயை மூடிக்கொள்கிறார்கள் என்று படிக்கிறேன் என்றேன். "இதுக்கா இத்தன வருசம்?" என்று சித்தி சிரித்தாள்.

காப்பி பறிக்கும் பெண்கள் மனம்விட்டுப் பேசினால்தான் எனக்கு ஆய்வு. அம்மா வேலை செய்யும் நாகலூர் எஸ்டேட்டிலேயே தொடங்கினேன். நம் ஆட்கள், என்னிடம் சொல்லாமல் யாரிடம் சொல்லப்போகிறார்கள் என்ற நினைப்பு. எஸ்டேட்டில் ஆள் கணக்குப் பார்க்கிற ரைட்டர், "படிச்ச புள்ள, நடக்க வேண்டாம்" என்று ஜீப்பில் ஏற்றிக்கொண்டார். முன் சீட்டில் பெருமையாக உட்கார்ந்து போனேன்.

ஜீப்பைப் பார்த்ததும் பெண்கள் எழுந்து நின்றார்கள். எனக்கு மட்டும் நாற்காலி போட்டார்கள். ரைட்டர் பக்கத்திலேயே நின்றார். வேலை வாங்குகிற மேஸ்திரி எப்படி நடத்துகிறார் என்று கேட்டேன். "நல்லா நடத்துறாருங்க." லீவு? "குடுக்குறாங்க." அடுத்து அம்மா. "ஒரு கொறையும் இல்லீங்க மேடம்" என்றாள். ஒருத்தரும் சிரிக்கவில்லை.

வீட்டுக்கு வந்து சண்டை போட்டேன். "பெத்த புள்ளகிட்டயே பொய்யா?"

"நீ ரைட்டரு ஜீப்புல வந்து எறங்குன. நாளைக்கு அவரு முன்னால நிக்கறது நானு."

அடுத்த வாரம், என்னை யாருக்கும் தெரியாத மஞ்சக்குட்டைப் பக்கத்து எஸ்டேட்டுக்குப் பஸ்ஸில் போனேன். வேலை முடிந்து பஸ்ஸுக்கு நின்ற பெண்களிடம் பேச்சுக் கொடுத்தேன். நீங்கள் சொல்வதை வெளியே யாரிடமும் சொல்ல மாட்டேன் என்று வாக்குக் கொடுத்தேன். ஒருத்தி தயங்கித் தயங்கி ஆரம்பித்தாள். இன்னொருத்தி தன் மேஸ்திரி மாதிரி வயிற்றைத் தள்ளிக்கொண்டு நடந்து காட்டினாள். சிரித்துக்கொண்டிருந்தபோதே ஒருத்தி அழுதாள். பஸ் வந்தும் பேச்சு நிற்கவில்லை. "நொம்ப நாளாச்சுங்க இப்பிடிப் பேசி" என்று சொல்லி ஏறினார்கள்.

ஆய்வு பிழைத்துவிட்டது. யாரிடமாவது சொல்ல வேண்டும் போல வழியெல்லாம் தவித்தது.

"பேசுனாங்களா?" என்று அம்மா கேட்டாள்.

"நெறையப் பேசுனாங்கம்மா."

கையைத் துடைத்துக்கொண்டு பக்கத்தில் வந்து உட்கார்ந்தாள். என் படிப்பைப் பற்றி அவள் இப்படி உட்கார்ந்து கேட்டதே இல்லை.

"என்னதான் சொன்னாங்க? எங்களுக்கு நடக்கறதுதானா அங்கயும்?"

"சொல்லக் கூடாதும்மா."

"அதுவுஞ் செரி" என்று எழுந்து போய் எனக்குச் சோறு போட்டு வைத்தாள். நாகலூரில் நடப்பது என்னவென்று அவளும் சொல்லவில்லை, நானும் கேட்கவில்லை.