நான்கு மெட்டு இடைவெளி

விரல் இறங்க இறங்க ஒலி ஏறும் என்று கண்ட அன்றுதான் எனக்கு அந்தப் பித்து பிடித்தது. அரியலூரில் எங்கள் வீட்டுக் கூடத்தில், அண்ணன் விட்டுப்போன கிடாரை மடியில் வைத்துக்கொண்டு, அதனோடு அவன் விட்டுப்போன ஆங்கிலப் பாடப் புத்தகத்தை எதிரே விரித்திருந்தேன். கழுத்தில் குறுக்கே பதித்த கம்பிக்கட்டைகள்தான் மெட்டு. ஒரு கம்பியில் மூன்றாம் மெட்டு, அடுத்த கம்பியில் இரண்டாவது, அதற்கடுத்ததில் முதலாவது. கை படியிறங்குகிறது, ஒலியோ ஏறிக்கொண்டே போகிறது. ஆக்மென்டட் ஆர்பெஜியோ என்று அதற்குப் பெயர் போட்டிருந்தது. மூன்று சுரங்களையும் சேர்த்து அடிக்காமல் ஒன்றன்பின் ஒன்றாக உதிர்க்க வேண்டும். ஒரே கம்பியில் வைத்து எண்ணினால் ஒவ்வொன்றுக்கும் நடுவே சரியாக நான்கு மெட்டு இடைவெளி. கிடாரின் கழுத்து முழுவதும் இதை வாசித்தே தீருவது என்று அந்த நிமிஷமே தீர்மானித்துவிட்டேன். எனக்கு எல்லாமே அந்த நிமிஷத்தில்தான்.

ஆனால் அதற்கும் அடுத்த கம்பியை விரல் வைக்காமல் மீட்டினால் நாலாவதாக வருகிற சுரம் முதல் சுரத்தோடு ஒத்துப்போகும் என்று புத்தகம் சொல்ல, எனக்கு மட்டும் ஒத்துப்போகவில்லை. அச்சுப்பிழை என்று புத்தகத்தைத் திட்டினேன்.

முறத்தோடு சமையலறை வாசலில் நின்ற அண்ணி, "அவுரு இப்படி முறுக்க மாட்டாரு தம்பி" என்றாள்.

தப்பு என்னுடையதுதான். தளர்ந்து கிடந்த கம்பிகளைத் தம்பூரா மாதிரி 'ச'வுக்கும் 'ப'வுக்கும் முறுக்கி வைத்திருந்தேன். வேறு எப்படி முறுக்குவார்கள் என்று எனக்குத் தோன்றவே இல்லை. அண்ணி முறத்தைக் கீழே வைத்தாள். தடித்த கம்பியிலிருந்து மெல்லிய கம்பிவரை ஆறு ஒலிகளையும் வாய்க்குள்ளேயே முனகிக் காட்டினாள். தன் அப்பா வீட்டில் ஆர்மோனியத்தோடு வளர்ந்தவள். தங்கள் கல்யாணத்துக்கு வந்த அண்ணன் இரண்டு மாதம் தங்கியிருந்தபோது, தினமும் சாயங்காலம் வாசிக்குமுன் இந்த ஆறையும் சரி பார்ப்பான். அதை அவள் அப்படியே காதில் வைத்திருந்தாள். நான் ஒவ்வொரு கம்பியாக அவள் குரலுக்கு முறுக்கினேன். ஆறாவது சேர்ந்ததும் அவள் முறத்தை எடுத்துக்கொண்டு உள்ளே போய்விட்டாள்.

அண்ணனுக்கு ரங்கூனில் ஒரு மரக்கிடங்கு ஆபீஸில் வேலை. "அடுத்த தடவை வந்து எடுத்துக்கறேன்" என்று கிடாரை வைத்துவிட்டுக் கப்பலேறினான். பிறகு யுத்தம் வந்து, ரங்கூனில் ஜப்பான்காரன் குண்டு விழுந்தது. அங்கிருந்தவர்கள் காட்டு வழியே நடந்து வந்தார்கள். அப்படி வந்த ஒருவர் பெரம்பலூரில் இருப்பதாகக் கேள்விப்பட்டு, பஸ் ஏறிப் போய்ப் பார்த்தேன். "எனக்குப் பின்னாலதான் தம்பி, உங்கண்ணன் வந்துக்கிட்டிருந்தாரு. ஒரு ஆத்தைத் தாண்டினோம். திரும்பிப் பார்த்தேன், கூட்டத்துல தெரியல" என்றார். சொன்னதைச் சொன்னபடியே வீட்டில் வந்து சொன்னேன். அம்மா 'வந்துக்கிட்டிருந்தாரு' என்பதைப் பிடித்துக்கொண்டாள். உடையார்பாளையத்துப் பெரியப்பா 'தெரியல' என்பதைப் பிடித்துக்கொண்டார்.

சுருதி சரியானபின் சாதகம் ஓடியது. அதே விரலமைப்பை நான்கு மெட்டு தள்ளி வைத்தால் அதே மூன்று சுரங்கள்தான், வரிசை மட்டும் மாறும். இன்னும் நான்கு தள்ளினாலும் அதுவே. ஒருநாள் அண்ணி கேட்டாள், "இதுல எது ச, தம்பி?"

யோசித்துப் பார்த்தேன். எதை 'ச' என்று வைத்துக்கொண்டாலும் மற்ற இரண்டும் அதே தூரத்தில்தான் நிற்கின்றன. "எது வேணாலும் ச-தான் அண்ணி. இல்லாட்டி எதுவுமே இல்ல."

"அதான் உக்காரவே மாட்டேங்குது" என்றாள்.

ஆடி பிறந்ததும் பெரியப்பா வந்தார். அப்பா இல்லாத வீட்டில் அவர் சொல்தான் சொல். "எத்தினி நாளைக்கு இப்படியே இருப்பீங்க? ஆவணியில கருமாதிய முடிச்சிடுவோம். அந்தப் புள்ளைக்கும் ஒரு முடிவு வேணுமில்ல?" என்றார். என் பக்கம் திரும்பி, "தொரை இண்டர்மீடியட் படிச்சிட்டு டொய்ங் டொய்ங்னு தட்டிக்கிட்டிருக்காரு. இது சாவு வூடா கல்யாண வூடான்னே தெரியல" என்றார்.

"ரெண்டும் இல்லீங்க" என்றாள் அம்மா, உள்ளேயிருந்து.

பெரியப்பா துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு புறப்பட்டார். கருமாதி நடந்தால் அண்ணியின் தாலி இறங்கும். அன்று நான் கிடாரைத் தொடவில்லை.

புத்தகத்தின் அடுத்த பக்கத்தை நேற்றுதான் புரட்டினேன். அந்த மூன்று விரல்களில் ஏதாவது ஒன்றை ஒரே ஒரு மெட்டு இறக்கினால் போதுமாம், அந்தரத்தில் நிற்பது ஓர் இடத்தில் போய் உட்கார்ந்துவிடும். எந்த விரலை இறக்குகிறோமோ, இடமும் அதற்கேற்ப மாறும். முதல் மெட்டிலிருந்த விரலை எடுத்து, கம்பியை வெறுமனே விட்டு வாசித்தேன். உடம்பே லேசானது. அடுக்களைக்கு ஓடி அண்ணியை அழைத்துவந்து, ஒவ்வொரு விரலாக இறக்கி மூன்றையும் வாசித்துக் காட்டினேன்.

கண்ணை மூடிக் கேட்டாள். "மூணும் வீடு வந்து சேர்ந்த மாதிரிதான் இருக்கு" என்றாள். பிறகு கண்ணைத் திறந்து, "இறக்காம, ஒரு மெட்டு ஏத்தினா?"

அதுவும் அதே பக்கத்தில் இருந்தது. படித்துவிட்டு வேண்டுமென்றேதான் தள்ளி வைத்திருந்தேன். "அதுவும் போய் உக்காந்துடும் அண்ணி. ஆனா அழுகை மாதிரி இருக்கும்னு போட்டிருக்கு."

"இருக்கட்டும். ஆவணிக்கு முந்தி அதையும் கேட்டு வச்சிக்கறேன்" என்றாள்.

நாளைக் காலை அம்மா கோயிலுக்குப் போனதும் வாசிப்பதாகச் சொல்லியிருக்கிறேன். மூன்று விரல்களில் எதை முதலில் ஏற்றுவது என்று இன்னும் முடிவு செய்யவில்லை. அதற்குமுன் ஆறு கம்பிகளையும் அவள் குரலுக்கு இன்னொரு முறை சரி பார்க்க வேண்டும்.